50 நாள் சராசரி விதி: எக்செலில் லாபம், கையில் ஏன் இல்லை?

நிஃப்டி (50 பெரிய கம்பெனிப் பங்குகளின் குறியீடு) தன் கடைசி 50 நாள் சராசரியைத் தாண்டினால் வாங்கு, கீழே போனால் விற்றுவிடு என்ற விதி, பழைய விலைகளை எக்செலில் போட்டுப் பார்த்தால் லாபம் தருகிறதே, நிஜத்தில் ஏன் தரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் எக்செலில் தப்பு வாங்கும் விலையில் இருக்கிறது. நிஃப்டி 50 நாள் சராசரியைத் தாண்டி முடிந்த அன்றே, அதே முடிவு விலைக்கு இடிஎஃப் (நிஃப்டியைப் பின்தொடரும், பங்கு போலவே வாங்கி விற்கும் ஃபண்ட்) வாங்கியதாகப் போட்டிருக்கிறீர்கள். அந்த விலை உறுதியாவதே மூன்றரை மணிக்குச் சந்தை மூடிய பிறகுதானே? நிஜத்தில் வாங்க முடிவது மறுநாள்.

வாங்கு, விற்றுவிடு என்ற சிக்னல் இருக்கும் நெடுவரிசையை (column) ஒரு வரி கீழே தள்ளி, மறுநாள் தொடக்க விலையைப் போட்டுப் பாருங்கள். 12 மாதத்துக்குள் விற்ற லாபத்தில் 20% வரியையும் கழியுங்கள். பாதி லாபம் அங்கேயே கரையலாம்.

மிச்சத்தைத் தின்பது பொய் சிக்னல்கள்: விற்கச் சொல்லிவிட்டு, உடனே சந்தை மேலே ஏறிவிடும். 2024 ஜூன் 3 அன்று 23,264இல் முடிந்த நிஃப்டி, மறுநாள், தேர்தல் முடிவு வந்த ஜூன் 4 அன்று, 50 நாள் சராசரிக்குக் கீழே 21,885க்கு விழுந்தது. ஐந்தாம் தேதி காலை பெங்களூர் சில்க் போர்டு டிராஃபிக் சிக்னலில் பஸ் நின்றபோது போனிலேயே விற்றேன். (அந்த சிக்னலில் நேரம் மட்டும் நிறையக் கிடைக்கும்.) ஏழாம் தேதி 23,290. திரும்ப வாங்கியது, விற்றதைவிட அதிக விலைக்கு.

ஒன்று: 2008 மாதிரி மாதக்கணக்கில் சரியும் சந்தையில் இந்த விதி காப்பாற்றும். அதனால் அடியோடு விடச் சொல்லவில்லை. மாதாமாதம் ஃபண்டில் போடும் எஸ்ஐபி பணத்தில் மட்டும் இதை வைத்து விளையாடாதீர்கள்.