மக்காச்சோளச் சக்கையை நொதிக்க வைத்தால் பாக்டீரியா வளராமல் நின்றுவிடுகிறது. அதைத் தாங்கும்படி பழக்க முடியுமா?

முடியும். ஆனால் 'பழக்குவது' என்ற சொல்லே ஆளைக் கவிழ்த்துவிடும். நான் கவிழ்ந்திருக்கிறேன்.

எனக்குக் காவேரிப்பட்டினம் பக்கம். ஆய்வு மாணவனாக இருந்தபோது, ஊர்க் கழிவிலிருந்து எத்தனால் எடுக்கலாம் என்று கிளம்பினேன். முதலில் நினைத்தது கேழ்வரகுத் தாள். "மாடு தின்பதைக் கழிவு என்று யாரடா சொன்னது?" என்றார் அப்பா. மாம்பழக் கூழ் ஆலைகளில் குவியும் கொட்டையில் நொதிப்பதைக் கெடுக்கும் துவர்ப்புப் பொருளான டானின் அதிகம். பருவம் முடிந்தால் அதுவும் கிடைக்காது. கடைசியில் உங்களைப் போலவே மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிரில் வந்து நின்றேன்.

பொடித்த சக்கையை நீர்த்த கந்தக அமிலத்தில் 121 டிகிரியில் வேகவைத்தேன். வடித்த நீர் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. வேகவைத்த ஆட்டோகிளேவை (ஆய்வக அழுத்தக் கலன்) திறந்ததுமே கசப்பு பாதாம் வாசனை. அது பர்ஃபுரால். நமக்கு வேண்டிய சைலோஸ் சர்க்கரையே சூட்டில் மூன்று நீர் மூலக்கூறுகளை இழந்து அப்படி ஆகிவிடுகிறது. கூடவே அசெட்டிக் அமிலமும், சக்கைக்கு உறுதி தரும் லிக்னின் உடைந்து வந்த பீனால் வகைகளும் உண்டு. பாக்டீரியாவை நிறுத்துவது இவைதான்.

எத்தனால் தரும்படி மாற்றிய ஈ.கோலை பாக்டீரியாவை எடுத்துக்கொண்டேன். தினமும் காலையில் முந்தைய நாள் பாக்டீரியா வளர்ந்த நீரிலிருந்து 0.1 மில்லி எடுத்து, புதிய ஊட்டநீர் 10 மில்லியில் விடுவேன். பழைய அடர்த்தியை எட்ட அது சுமார் 6.6 முறை இரட்டிக்க வேண்டும். நூறு நாளில் 660 தலைமுறை. பரிணாம உயிரியலாளர் ரிச்சர்ட் லென்ஸ்கி 1988இல் அமெரிக்காவில் 12 குடுவைகளில் தொடங்கிய சோதனையிலும் இதே நூறில் ஒரு பங்குதான். பர்ஃபுராலை லிட்டருக்கு அரை கிராமில் தொடங்கி மெல்ல ஏற்றினேன். எந்தச் செல்லும் எதையும் கற்றுக்கொள்வதில்லை. கோடிக்கணக்கானவற்றில் தற்செயலாக மரபணு மாறிய ஒன்று முந்திக்கொள்கிறது, அவ்வளவுதான்.

எந்த வழியாக முந்தும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. பர்ஃபுராலைக் குறைந்த நஞ்சுள்ள ஆல்கஹாலாக மாற்றும் நொதி ஈ.கோலையிடமே இருக்கிறது. தாங்கும் வகை அதை அதிகமாகச் சுரக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். புளோரிடா பல்கலைக்கழகத்தில் இன்கிராம் குழுவினர் 2009இல் வெளியிட்ட முடிவு நேர்மாறு: அவர்களின் வகை, அந்த நொதியைத் தரும் ஒய்க்யூஎச்டி மரபணுவை அடக்கிவைத்திருந்தது. அந்த நொதி வேலை செய்யச் செய்ய, செல் தன் உடலைக் கட்ட வைத்திருக்கும் என்ஏடிபிஎச் என்ற மூலக்கூறு கரைந்துபோகிறது. நஞ்சைவிட நஞ்சை முறிக்கும் செலவே அதற்குப் பாரமாக இருந்திருக்கிறது.

என் கதைக்கு வருகிறேன். மூன்று மாதத்தில் என் வகை பர்ஃபுரால் கலந்த சுத்தமான சர்க்கரை நீரில் ஜோராக வளர்ந்தது. உண்மையான வடிநீரில் விட்டேன். இரண்டு நாள் ஆகியும் கலங்கவில்லை. பீனாலையும் அசெட்டிக் அமிலத்தையும் அது பார்த்ததே இல்லையே! இடையில் பொங்கலுக்கு நான்கு நாள் ஊருக்குப் போய்விட்டேன். பட்டினி கிடந்து பிழைத்தவைதான் குடுவையில் மிஞ்சின. உறையவைத்திருந்த பழைய மாதிரியிலிருந்து மறுபடி தொடங்கவேண்டியதாயிற்று.

ஆகவே உங்கள் வடிநீரையே பத்தில் ஒரு பங்காக நீர்த்துத் தொடங்கி ஏற்றுங்கள். வாரம் ஒருமுறை, உறையும்போது செல்லைக் காக்கும் கிளிசராலில் மாதிரி உறையவையுங்கள். எத்தனாலையும் அளந்துகொண்டே இருங்கள்; வேகமாக வளரும் செல் உங்களுக்கு வேண்டியதைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டிருக்கலாம். தடைப்பொருளே இல்லாமல் சில முறை வளர்த்துவிட்டுத் திரும்பச் சோதியுங்கள். தாங்கும் திறன் மறைந்துபோனால் நடந்தது பரிணாமம் இல்லை, தற்காலிகச் சமாளிப்பு.

அதற்கும் முன்னால் ஒரு கைவைத்தியம்: வடிநீரில் சுண்ணாம்பு சேர்த்துக் பிஎச் (அமில-கார அளவு) 10க்கு ஏற்றி, வடிகட்டி, பிஎச்சை மீண்டும் இறக்குங்கள். பர்ஃபுரால் குறையும். கொஞ்சம் சர்க்கரையும் போகும். அடியில் படியும் ஜிப்சத்தை அள்ளிக் கொட்ட இடம் வேண்டும்.