கொட்டகை இருக்கிறது, மண்டகப்படி யார்?

வாசகர் கேள்வி – அச்சகத்து அண்ணன் பதில்

(காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் நெடுங்காலம் அச்சகம் நடத்தி, தொழிலைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டுத் திண்ணைக்கு வந்தவர். செட்டிநாட்டுத் திருவிழா நோட்டீஸ், கச்சேரி அழைப்பிதழ், நாடக போஸ்டர் என்று இவர் கையால் புரூஃப் பார்த்தவை ஏராளம். கலை நிகழ்ச்சிகள் பற்றி இந்த மாதம் வந்த கேள்விகளுக்கு அவருடைய பதில்கள்.)

டாலஸில் மகன் வீட்டில் இருந்துவிட்டு வந்தேன். ஊருக்கு நடுவில் கலைக்கென்றே ஒரு பகுதி. அருங்காட்சியகம், சிம்பொனி அரங்கம், சிற்பத் தோட்டம் எல்லாம் நடந்துபோகும் தூரத்தில். மாநகராட்சி ஆகிவிட்ட காரைக்குடிக்கு அப்படி ஒன்று வராதா?
– வாசகர், தேவகோட்டை

வரட்டும் அண்ணே, யார் வேண்டாம் என்றது? அந்தச் சிம்பொனி அரங்கத்தை 1989-ல் உலகப் புகழ் கட்டடக் கலைஞர் ஐ.எம்.பெய் கட்டிக் கொடுத்தார். நாஷர் சிற்ப மையம் 2003-ல் இன்னொரு பெரிய கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ செய்தது. அவர்களைக் காரைக்குடிக்குக் கூட்டிவர நமக்கு வசதி போதாது. பெய் காலமாகியும் விட்டார். ஆனால் அங்கே காப்பியடிக்கத் தோதான காரியங்கள் வேறு இருக்கின்றன. டாலஸ் கலை அருங்காட்சியகத்தில் பொதுக் காட்சிக்கு 2013 முதல் கட்டணம் கிடையாது. பக்கத்தில் ஓடும் நெடுஞ்சாலைக்கு மேலே மூடி போட்டு, 2012-ல் கிளைட் வாரன் பூங்காவைத் திறந்தார்கள். அந்தச் சாலையால் துண்டாகிக் கிடந்த இரண்டு பக்கத்து ஜனங்களும் இப்போது நடந்தே கலந்துகொள்கிறார்கள். வழியில் போகிறவன் காசு கொடுக்காமல் உள்ளே வந்து நிற்கலாம் என்பதுதான் இதில் விசேஷம்.

அது நமக்குப் புதுசா? கொப்புடையம்மன் கோயில் செவ்வாய்ப் பெருந்திருவிழாவில் யார் டிக்கெட் வாங்கினார்கள்? காய்கறிப் பையோடு வந்தவர் நாதஸ்வரத்துக்கு நின்றுவிட்டுப் போகிறார்.

அந்தத் திருவிழாக்களுக்குப் பணம் எப்படி வருகிறது என்று நோட்டீஸைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே அம்மன் படம் அச்சிடுகிற பிளாக். கீழே முதல் திருநாள், இரண்டாம் திருநாள் என்று கட்டம் கட்டமாக வரும். ஒவ்வொரு கட்டத்திலும் கிழமை, தேதி, என்ன வாகனம், இரவு என்ன நிகழ்ச்சி. கடைசி வரியில் ‘மண்டகப்படி: இன்னார்’. ஒரு நாள் ஒரு குடும்பம், ஒரு நாள் ஒரு தெரு, ஒரு நாள் வியாபாரிகள். அன்றைய பூ, மேளம், பாட்டு எல்லாம் அவர்கள் பொறுப்பு. புரூஃப் பார்க்க வருகிறவர்கள் முதலில் விரல் வைப்பது அந்தக் கடைசி வரியில்தான். இனிஷியல் சரியா, அண்ணன் பெயர் தம்பி பெயருக்கு முன்னால் இருக்கிறதா, ‘குமாரர்கள்’ என்று போட்டிருக்கிறதா ‘வகையறா’ என்றா? பாடகர் பெயரில் ஒற்று விழுந்துபோனதை ஒருத்தரும் பார்க்கமாட்டார்கள், நான்தான் பார்க்கணும். இதைச் சொல்லிச் சிரிக்கிறேனே ஒழிய, அந்தப் பெருமைதான் செலவைத் தாங்குகிறது. தாத்தா நடத்திய நாளைப் பேரன் விடமாட்டான். சிங்கப்பூரில் இருந்தாலும் பணம் வந்துவிடும்.

அம்மனுக்கு அமைந்த இந்த ஏற்பாடு வீணைக்கு அமையவில்லை, ஓவியத்துக்கும் அமையவில்லை. ‘கலை மையம் கட்டலாம்’ என்று கேட்டுப் பாருங்கள், கல்வெட்டில் பெயர் வரும் என்று கொடுப்பதற்கு ஆள் உண்டு. ‘மார்கழி முதல் சனிக்கிழமைக் கச்சேரி வருஷா வருஷம் உங்கள் வீட்டுப் பொறுப்பு’ என்று கேட்டால் தலையைச் சொறிவார்கள். எனக்கு அந்தச் சனிக்கிழமைதான் வேண்டும். கட்டடம் வந்தால் அதற்கு வாட்ச்மேன், கரண்டு பில், அப்புறம் கட்டுப்படியாகாமல் கல்யாணத்துக்கு வாடகை. நாள் நின்றுவிட்டால் இடத்துக்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை.

கம்பன் விழாவுக்கு எந்தத் தேதியில் வரவேண்டும்? இலக்கியம் அதிகம் படிக்காதவர்கள் போனால் புரியுமா?
– வாசகி, பெங்களூரு

ஆங்கிலத் தேதியைத் தேடாதீர்கள் அம்மா, பஞ்சாங்கத்தைப் பாருங்கள். பங்குனி மகம், பூரம், உத்திரம் மூன்று நாளும் காரைக்குடியில். நாலாம் நாள் அத்தத்தன்று சிவகங்கைப் பக்கம் நாட்டரசன்கோட்டையில், கம்பர் சமாதி இருக்கிற இடத்தில். கம்பராமாயணம் பங்குனி அத்த நாளில் அரங்கேறியதாகப் பழைய தனிப்பாடல் ஒன்று சொல்கிறது. அதனால்தான் இந்த நாள் கணக்கு. மார்ச் கடைசி, ஏப்ரல் முதலில் அமையும். வெயில் ஏறியிருக்கும், பருத்தி உடுத்தி வாருங்கள்.

1939-ல் இதைத் தொடங்கியவர் கம்பன் அடிப்பொடி சா.கணேசன். முதல் விழாவுக்கு ரசிகமணி டி.கே.சி. தலைமை. சா.க. சட்டை போடாத மனிதர், மேல்துண்டோடு சரி. நேரத்தில் மகா கறார். அழைப்பிதழில் என்ன நேரம் போட்டிருக்கிறதோ அந்த நேரத்துக்கு விழா தொடங்கிவிடும், யார் வந்தாலும் வராவிட்டாலும். ‘மாலை சுமார் ஆறு மணியளவில்’ என்று எழுதிக் கொண்டுவருகிற இந்தக் காலத்து விழாக் குழுக்களுக்கு அவர் கதையைத்தான் சொல்வேன். ‘சுமார்’ என்று போட்டால் ஏழே முக்கால் என்று ஊருக்கே தெரியும்.

புரியுமா என்று கேட்டீர்கள். பட்டிமண்டபத்துக்கு முதலில் போய் உட்காருங்கள். கைகேயியா கூனியா என்று இரண்டு கட்சி மோதுகிறபோது பாட்டு தானாகக் காதில் ஏறும். தனியுரைக்கு மறுநாள் போகலாம்.

என் பேத்தி வீணை கற்றுக்கொள்கிறாள். ‘காரைக்குடி பாணி’ என்று ஆசிரியர் சொல்கிறார். ஊருக்கு வந்தால் அதைக் கேட்க முடியுமா?
– ஒரு பாட்டி, திருச்சி

அந்தப் பாணியைக் கேட்க நீங்கள் சென்னைக்குத்தான் போகவேண்டும் அம்மா. எனக்கு இதில் வருத்தம் உண்டு. காரைக்குடி சகோதரர்கள் சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் இங்கே இருந்துதான் பேர் வாங்கினார்கள். அண்ணன் வீணையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு வாசிப்பார், தம்பி வழக்கம்போல மடியில். இரண்டு பேருக்கும் நடுவில் மிருதங்கத்தோடு புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை. சாம்பசிவ ஐயருக்கு 1952-ல் சங்கீத நாடக அகாடமி விருது. கடைசிக் காலத்தில் அவர் சென்னைக் கலாக்ஷேத்திராவில் போய்ச் சொல்லிக்கொடுத்தார். அவருடைய சிஷ்யை ரங்கநாயகி ராஜகோபாலன் சின்னஞ்சிறு குழந்தையாக இந்த ஊருக்கு வந்து, அவர் வீட்டிலேயே தங்கிப் படித்தவர்.

இத்தனைக்கும் பிறகு காரைக்குடியில் வீணைக்கென்று ஊரறிந்த ஒரு நாள் கிடையாது. வீணைக் கச்சேரி நோட்டீஸ் என் அச்சகத்துக்கு வந்தது அபூர்வம். மேலே சொன்ன சனிக்கிழமையை எந்த வீட்டாராவது எடுத்துக்கொண்டால் முதல் கச்சேரி வீணைதான் என்று நான் அடம்பிடிப்பேன். பேத்தியைக் கூட்டிவாருங்கள், நோட்டீஸுக்குக் காசு வேண்டாம்.

செட்டிநாட்டு வீடுகளை வாட்டர்கலரில் வரைகிறேன். இங்கேயே கண்காட்சி வைக்க ஆசை. ஹால் வாடகை கட்டுப்படியாகவில்லை. வழி சொல்லுங்கள் அண்ணே.
– கல்லூரி மாணவர், திருமயம்

தம்பி, வீட்டை வரைந்துவிட்டு ஹாலைத் தேடுகிறீர்களே! கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், எந்த ஊரிலும் முகப்புத் திண்ணை இருக்கிற பெரிய வீடு வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிறது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். ஜனங்கள் முன்னால் ஏறிப் பார்த்துக்கொண்டே பின்னால் இறங்கலாம். இதற்கு மேல் என்ன கண்காட்சிக்கூடம் வேண்டும்?

சாவிதான் சிக்கல். ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள், ஒருத்தர் சென்னையில், ஒருத்தர் கோலாலம்பூரில். எல்லாரிடமும் கேட்டால் நடக்காது. அந்த வீட்டுக்கு வரி கட்டுகிறவர் யார் என்று விசாரித்து அவரிடம் போங்கள். வீட்டுக்குள்ளே வேண்டாம், முகப்பு மட்டும் போதும் என்று கேளுங்கள். அதற்கு ‘சரி’ வரும். சுவரில் ஆணி அடிக்க மாட்டேன் என்று நீங்களாகவே முதலில் சொல்லிவிடுங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர் அது, ஓட்டை விழுந்தால் பூசுவதற்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. தூணுக்குத் தூண் கயிறு கட்டிப் படத்தைத் தொங்கவிடுங்கள்.

நாள் முக்கியம். சாதாரண ஞாயிற்றுக்கிழமை வைத்தால் உங்கள் நண்பர்கள் மட்டும் வருவார்கள். நகரத்தார் குடும்பத்தோடு ஊருக்கு வருகிற சமயம் பாருங்கள். தை மாதச் செவ்வாய்ப் பொங்கலுக்கு நாட்டரசன்கோட்டைத் தெருவில் நிற்க இடம் இருக்காது. தன் வீட்டைப் படத்தில் பார்த்த ஆச்சி விலை கேட்காமல் போகமாட்டார். திறப்பு விழாவுக்கு வி.ஐ.பி. பட்டியல் எழுதாதீர்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிற காவல்காரரை விட்டே விளக்கேற்றச் சொல்லுங்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பழைய தூண், கதவு வாங்குவது பாவமா?
– புது வீடு கட்டுபவர், மதுரை

பாவ புண்ணியம் எனக்குத் தெரியாது. பீங்கான் பூச்சுப் பாத்திரம், ரவிவர்மா படம், பழைய விளம்பரத் தகடு, தாராளமாக வாங்குங்கள். பர்மா தேக்குத் தூண் ஒன்று கடைக்கு வருகிறதென்றால் எங்கோ ஒரு கூரை இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். பங்கு பிரிக்க முடியாமல் வீட்டையே பிரித்து விற்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை, ஒழுகுகிற கூரை ஓடுகளை மாற்றக்கூட ஐம்பது பேர் கையெழுத்து வேண்டும். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் ஒரு செட்டிநாட்டு வீட்டை அப்படியே கொண்டுபோய்த் திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள், அது ஒரு நல்ல கதி. உங்கள் ஹாலில் ஒற்றைத் தூண் ஷோவுக்கு நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. கேட்டதால் சொன்னேன்.

ஆத்தங்குடித் தரைக்கல் செய்வதைக் குழந்தைகளுக்குக் காட்டலாமா? உள்ளே விடுவார்களா?
– ஆசிரியை, சிவகங்கை

விடுவார்கள் டீச்சர். வேலை நடக்கிற காலை நேரமாகப் பார்த்துப் போங்கள். தரையில் கண்ணாடித் துண்டு, அதன் மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ வேலை அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் கரண்டியால் சாயச் சிமெண்டை ஊற்றுவார்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள். அச்சைத் தூக்குகிற நொடியைப் பிள்ளைகள் தவறவிடக் கூடாது. வண்ணம் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கும். மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அப்புறம் ஈரக் கலவையை வைத்துச் சமன்செய்து, காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவார்கள். கண்ணாடி கழன்றால் அடியில் பளபளப்பு, பாலிஷ் கிடையாது. கைதேர்ந்தவர்கள் அச்சில்லாமலும் கையாலேயே கொடி இழுப்பார்கள். கேட்டால் செய்து காட்டுவார்கள். ஒரு கல்லாவது விலை கொடுத்து வாங்கிவாருங்கள், வேலையைக் கெடுத்துவிட்டு நன்றி மட்டும் சொல்லாதீர்கள்.

கையில் தடியோடு பாரதி நிற்கிற படம் காரைக்குடியில் எடுத்ததாமே?
– வாசகர், தஞ்சாவூர்

ஆமாம், 1919-ல். இந்து மதாபிமான சங்கத்தார் அழைத்து வந்து எடுக்க வைத்தார்கள். சங்கம் 1917-ல் தொடங்கியது, சங்கத்தைப் பற்றி அவர் பாட்டும் எழுதினார். எந்த மண்டகப்படி என்று படத்தில் போடவில்லை, பிழைத்தோம்.

பழைய நாடக நோட்டீஸ்கள் எங்கள் பெட்டியில் நிறைய இருக்கின்றன. எடைக்குப் போடலாமா?
– பெயர் வேண்டாம், புதுவயல்

கை வைக்காதீர்கள்! கோட்டையூரில் போர்டு எழுதிக்கொண்டிருந்த ரோஜா முத்தையா அப்படிப்பட்ட காகிதங்களையும் புத்தகங்களையும்தான் வாழ்நாளெல்லாம் சேர்த்தார். அவர் 1992-ல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994-ல் சென்னையில் அவர் பேரிலேயே நூலகம் வந்தது. அவர்களுக்குக் கடிதம் எழுதுங்கள். அதற்குள் பெட்டியில் வேப்பிலை போட்டு வையுங்கள், ஈரச்சுவரில் சாய்க்காதீர்கள்.

ஊர்த் திருவிழாவில் வள்ளி திருமணம் நாடகம். விடிய விடிய நடக்குமாம். பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா?
– வாசகி, கோயம்புத்தூர் (சொந்த ஊர் கண்டனூர்)

கட்டாயம் கூட்டிப்போங்கள் அம்மா. பாய், போர்வை, ஃபிளாஸ்கில் பால். ஹார்மோனியக்காரர் பக்கமாக இடம் பிடியுங்கள், ஸ்பீக்கர் பக்கம் போனால் காது போய்விடும். முதலில் பபூன் வருவார். அவர் பேச்சில் ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கு ஆகாதது இருக்கும். அவர்களுக்குப் புரியாது, உங்களுக்குத்தான் முகம் சுளிக்கும். அப்புறம் வள்ளி தினைப்புனம் காக்க வருவதற்குள் சின்னதுகள் தூங்கிவிடும், தூங்கட்டும். நாரதரும் வள்ளியும் தர்க்கம் ஆரம்பிக்கிறபோது எழுப்புங்கள். அதுதான் நாடகம். இரண்டு பேரும் அந்த ராத்திரிக்குத் தோன்றியதைக் கேள்வியாகவும் பதிலாகவும் எடுத்து விடுவார்கள், சுருதி விலகாமல். மறுநாள் பள்ளிக்கூடம் இருந்தால் லீவு லெட்டரை முந்தின நாளே கொடுத்துவிடுங்கள்.