பேனருக்குப் பின்னால்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரின் கிளை நூலகத்தில் மூன்று வருடமாக வாசகர் வட்டச் செயலாளராக இருக்கிறேன். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வார விழா வரும் அல்லவா, அதற்கு ஒரு கூட்டமும் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டியும் வைப்போம். அதோடு சரி. போன நவம்பரில் கொஞ்சம் பெரிதாகச் செய்வோமே என்று ஆசைப்பட்டு மாதம் முழுக்க நிகழ்ச்சி வைத்தோம். கடைத்தெருவில் வசூல் செய்ததில் 18,000 ரூபாய் சேர்ந்தது.

தொடக்க விழாவுக்கு நல்ல கூட்டம். ஆனால் பிரமுகர்களோடு வந்தவர்கள் பிரமுகர்களோடே கிளம்பிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு கவியரங்கம். வாசித்தவர்கள் பதினொரு பேர், கேட்டவர்களும் அதே பதினொரு பேர். மூன்றாவது வாரம் ஒரு டாக்டர் சர்க்கரை நோய் பற்றிப் பேசினார். எழுபது பேருக்கு மேல் வந்தார்கள், பாதிக்கு மேல் பெண்கள். அவர்களில் பலர் நூலகத்துக்குள் கால் வைத்ததே அன்றைக்குத்தான். டீ குடித்துவிட்டுப் போனவர்களில் ஒருவர்கூட அப்புறம் வரவில்லை. கடைசி ஞாயிறு சென்னையிலிருந்து ஓர் எழுத்தாளரை அழைத்திருந்தோம். ஒன்பது பேர். நானும் நூலகரும் மைக்செட்காரரும் அதில் அடக்கம். எழுத்தாளர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் மைக் சத்தம் கேட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு பெருமாள் கோயில் பிரகாரத்துக்குப் போய்விடுவார்கள். தினமும் பேப்பர் படிக்க வரும் பெரியவர் ஒருவர், "தம்பி, இந்த விழா எப்ப முடியும்?" என்று கேட்டார். நூலகம் படிக்கிற இடம், விழா நடத்தக் கல்யாண மண்டபம் இருக்கிறது என்கிறான் என் நண்பன்.

அவன் சொல்வதுதான் சரியோ என்று தோன்றுகிறது. அடுத்த வருடம் இதை நடத்துவதா, விட்டுவிடுவதா? அழைப்பிதழையும் வரவு செலவுக் கணக்கையும் படங்களையும் இணைத்திருக்கிறேன். என் பெயரும் ஊரும் வேண்டாம்.

ம.

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த ஒன்பது பேர் விஷயத்தை முடித்துவிடுகிறேன். நான் ஆறு பேருக்கு முன்னால் பேசியிருக்கிறேன். அந்த ஆறில் ஒருவர் செல்போனுக்கு சார்ஜ் போட வந்தவர். சார்ஜ் ஏறியதும் எழுந்து போனார், ஆறு ஐந்தாகிவிட்டது. மற்ற ஐந்து பேரும் கூட்டம் முடிந்தபின் வாசலில் நின்று ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். எண்பது பேர் உட்கார்ந்திருந்த கூட்டங்களில் என்ன பேசினேன் என்று இன்றைக்கு ஒன்றும் நினைவில்லை, அந்த வாசல் பேச்சு நினைவிருக்கிறது. உங்கள் விருந்தினர் முகத்தில் நீங்கள் பார்த்தது பயணக் களைப்பாகவும் இருக்கலாம். எழுத்தாளர்களுக்கு ஒன்பது என்பது அவமானமான எண்ணிக்கை இல்லை, பழகிய எண்ணிக்கை.

சரி, படங்களுக்கு வருவோம். கடிதத்தை ஒரு முறைதான் படித்தேன், படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். டாக்டர் பேசிய அன்று எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேடைக்குப் பின்னால் சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஃப்ளெக்ஸ். அதில் பதினெட்டு முகங்கள், எண்ணிப் பார்த்தேன். கீழே, ஃப்ளெக்ஸ் தரையைத் தொடாத ஒரு சாண் இடைவெளியில், இரும்பு பீரோவின் கால்கள் தெரிகின்றன. அதாவது, உங்கள் ஊர் நூலகத்தின் புத்தகங்கள் அத்தனையும் அந்த மாதம் முழுக்க பேனருக்குப் பின்னால் இருந்திருக்கின்றன. முதல் முறையாக உள்ளே வந்த அந்தப் பெண்கள் ஒரு புத்தக முதுகைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பேசும் டாக்டரையும் பதினெட்டு முகங்களையும் பார்த்துவிட்டுப் போனார்கள். திரும்பி வருவதற்கு அவர்களுக்கு என்ன காரணம் இருக்கிறது?

அதே படத்தில் இன்னொன்று. நூலகர் மேடையில் பொன்னாடையோடு உட்கார்ந்திருக்கிறார். வரவேற்புரை அவருடையது என்று அழைப்பிதழில் இருக்கிறது, நன்றியுரையும் அவரே. வாசல் பக்கத்து மேசை காலி. பதிவேடு மூடி வைக்கப்பட்டு, அதன்மேல் டீ டம்ளர்கள். எழுபது பேர் வந்த ஒரே நாளில் புத்தகம் கொடுக்கும் இடத்தில் ஆள் இல்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள், இது உங்கள் ஊர்த் தவறு மட்டுமில்லை. நான் போன நூலக விழாக்களில் பெரும்பாலானவை இப்படித்தான். மேடை, விருந்தினர், "நேரமின்மை காரணமாக" என்று தொடங்கி நாற்பது நிமிடம் பேசும் ஒருவர், எல்லாம் உண்டு. கல்யாண மண்டபத்தில் நடத்தினாலும் அந்த விழா அப்படியேதான் இருக்கும். அந்த அளவில் உங்கள் நண்பர் சொல்வது சரி. மண்டபத்தில் நடத்த முடிகிற விழாவை நூலகத்தில் நடத்தி, பேப்பர் படிக்கிற பெரியவரைத் துரத்துவானேன்?

ஆனால் அவர் சொல்வதில் பாதியைத்தான் ஏற்கிறேன். நூலகத்தில் மனிதக் குரலே கேட்கக் கூடாது என்பது நம் ஊர் வழக்கமே இல்லை. நம் சிற்றூர்களில் வாசிப்பு பரவியதே சத்தமாகத்தான். ஒருவர் பேப்பரை உரக்கப் படிக்க, நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து கேட்ட டீக்கடைகளும் படிப்பகங்களும்தான் நமக்கு முதல் நூலகங்கள். திராவிட இயக்கத்துப் படிப்பகங்களை நினைத்துக்கொள்ளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அங்கே போய் உட்கார்ந்து அரசியல் தெரிந்துகொண்டார்கள். பேச்சு இருக்கட்டும், அந்தப் பேச்சு வந்தவரை அலமாரிப் பக்கம் திருப்ப வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

உங்கள் பக்கத்திலேயே இதற்கு ஒரு கதை இருக்கிறது. 1931 அக்டோபரில் மன்னார்குடிக்குப் பக்கத்து மேலவாசலில் இருந்து ஒரு மாட்டுவண்டி நூலகம் கிளம்பியது. கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளரின் ஏற்பாடு. ஆட்கள் நூலகத்துக்கு வரவில்லை என்று அந்த மனிதர் கூட்டம் போடவில்லை, புத்தகங்களை வண்டியில் ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பிவிட்டார். சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகவியலின் ஐந்து விதிகளைப் புத்தகமாக வெளியிட்டதும் அதே 1931இல்தான். அந்த ஐந்தில் மூன்றாவது விதி, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. அந்த வாசகரைத் தேடிப் பிடிப்பது நூலகத்தின் வேலை. நீங்கள் வைக்கும் கூட்டம் அந்தத் தேடலுக்கு ஒரு வழி. சர்க்கரை நோய் பற்றிய புத்தகம் ஒன்றாவது உங்கள் பீரோவில் இருந்திருக்கும். அதற்குரிய எழுபது வாசகர்கள் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஃப்ளெக்ஸ்.

நான் முன்பு குடியிருந்த ஊரில் ஒரு நூலகர் இருந்தார். மேடையில் ஏறவே மாட்டார், கூச்ச சுபாவம். கூட்டம் என்றால் அவர் செய்யும் ஒரே வேலை, அன்றைய தலைப்பை ஒட்டிய பதினைந்து இருபது புத்தகங்களைப் பொறுக்கி எடுத்து வாசலருகே ஒரு பெஞ்சில் பரப்பி, பக்கத்தில் பதிவேட்டோடு உட்காருவது. செருப்பு மாட்டுகிற நேரத்தில் ஆட்கள் குனிவார்கள். குனிந்தால் புத்தகம் கண்ணில் படும். "எடுத்துட்டுப் போங்கம்மா, கார்டு இல்லாட்டி இப்பவே போட்டுடலாம்" என்பார். காப்புத் தொகையும் சந்தாவும் சேர்ந்தால்கூட ஒரு ஹோட்டல் சாப்பாட்டு விலைதான். தாய் சேய் நலம் பற்றி ஒரு நர்ஸ் பேசிய அன்று பதினொரு புத்தகம் வெளியே போனது. பத்து திரும்பி வந்தது. வராத அந்த ஒன்றைப் பற்றி அவர் பல மாதம் புலம்பிக்கொண்டிருந்தார். தொலைந்த புத்தகத்துக்குத் தன் கையிலிருந்து கட்ட நேருமோ என்ற பயம் நம் நூலகர்கள் பலருக்கும் உண்டு. உங்கள் நூலகர் பதிவேட்டை மூடி வைத்ததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். அவரோடு சண்டை போடாதீர்கள். அடுத்த முறை பதிவேட்டுக்குப் பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள்.

இப்போது உங்கள் கணக்கு. ஃப்ளெக்ஸ் 4,200. மைக், நாற்காலி, பந்தல் 6,500. பொன்னாடை, நினைவுப் பரிசு, ஓவியப் போட்டிக்கு டிபன் பாக்ஸ் எல்லாம் சேர்த்து 3,800. டீ, சுண்டல் 2,300. எழுத்தாளர் வந்து போன செலவு 1,200. மொத்தம் 18,000, காசு பிசகவில்லை. நேர்மையான கணக்கு, பாராட்டுகிறேன். ஆனால் நூலக விழாக் கணக்கில் புத்தகம் என்று ஒரு வரிகூட இல்லையே தம்பி! படம் வரைந்த பிள்ளைக்கு டிபன் பாக்ஸ் கொடுத்தால் அது சமையலறைக்குப் போகும். ஒரு கதைப் புத்தகம் கொடுத்திருக்கலாம். ஆயிரம் ரூபாய் கட்டினால் நூலகப் புரவலர் ஆகலாம் என்பது உங்களுக்கே தெரியும். அந்தக் கடைக்காரர்கள் கொடுத்த பணத்தில் பதினெட்டு புரவலர்களைச் சேர்த்திருக்கலாம் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினெட்டு முகம், பதினெட்டு ஆயிரம். எப்படிப் பொருந்துகிறது பாருங்கள்!

வசூல் கேட்கும்போது நீங்கள் தலையைச் சொறிந்துகொண்டு நின்றிருப்பீர்கள். தேவையில்லை. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து காசு நூலக வரியாகப் போகிறது. 1948இல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம் போட்டுக் கொடுத்த வழி அது. அந்தச் சட்டத்துக்காக ரங்கநாதன் வருடக்கணக்கில் மன்றாடியிருக்கிறார். அடுத்த கூட்டத்துக்கு எழுபது பேர் வந்தால் ஒரு வீட்டு வரி ரசீதைத் தூக்கிக் காட்டி, நூலக வரி என்ற வரியைப் படித்துக் காட்டுங்கள். அந்தப் பெண்கள் ஏதோ அரசாங்க ஆபீசுக்குள் நுழைந்தது போல ஓரமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் காசில் நடக்கிற இடம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

நடத்துவதா விடுவதா என்று கேட்டிருந்தீர்கள். நடத்துங்கள், ஆனால் ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். சென்னை கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் 'பொன்மாலைப் பொழுது' என்று சனிக்கிழமை மாலைகளில் நடத்துகிறார்கள். ஒன்பது தளக் கட்டடம், அதோடு உங்கள் இரண்டு அறையை ஒப்பிடச் சொல்லவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அங்கே போனால் யாராவது பேசுவார்கள் என்று ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது பாருங்கள், அதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். உங்களுக்கு வெள்ளி விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். மாதத்தின் முதல் ஞாயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். மைக் வேண்டாம். இரண்டு அறைக்கு மைக் எதற்கு? தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் ஓடியது பேச்சுக்குப் பயந்து இல்லை, மைக்குக்குப் பயந்துதான். அவர்களில் யாராவது தேர்வில் வென்று வேலைக்குப் போயிருந்தால் ஒரு ஞாயிறு அவரையே பேசச் சொல்லுங்கள். கோயில் பிரகாரம் காலியாகி எல்லாரும் இங்கே வந்துவிடுவார்கள்.

நேரத்தையும் மாற்ற வேண்டும். எல்லா நிகழ்ச்சியும் மாலை ஐந்தரைக்கு. ஞாயிறு ஐந்தரை யாருக்கு வசதி? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்ப முடிகிறவர்களுக்கு. டாக்டர் கூட்டத்துக்கு மட்டும் எப்படிப் பெண்கள் வந்தார்கள் என்று அழைப்பிதழைப் பார்த்தேன், அது காலை பதினொரு மணி. டாக்டருக்கு மாலையில் கிளினிக் இருந்திருக்கும். அவர் வசதிக்காக வைத்த நேரம் ஊர்ப் பெண்களுக்கு வசதியாகிவிட்டது. இதை நீங்கள் கடிதத்தில் சொல்லவே இல்லை, கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

பேச ஆள் வேண்டுமென்று சென்னையைப் பார்க்காதீர்கள். உங்களுக்குக் கொஞ்ச தூரத்தில்தான் திருத்துறைப்பூண்டி ஆதிரெங்கம். நெல் ஜெயராமன் 2018இல் மறையும்வரை அங்கே நெல் திருவிழா நடத்தினார், 174 பாரம்பரிய ரகங்களை மீட்டவர். அவர் விழாவுக்கு வந்த விவசாயி வெறுங்கையோடு திரும்பியதில்லை. இரண்டு கிலோ விதை நெல் கொடுப்பார்கள், அடுத்த வருடம் அதை நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். நூலகத்தில் நாம் ஒன்றுக்கு இரண்டாகக் கேட்பதில்லை, ஒன்றை ஒன்றாகக் கொடுத்தாலே கும்பிடுவோம். அந்த விதையை வாங்கிப் பயிர் செய்தவர்கள் உங்கள் பக்கத்தில் இன்னும் இருப்பார்கள். ஒருவரைக் கூப்பிட்டு மாப்பிள்ளைச் சம்பா பற்றிப் பேசச் சொல்லுங்கள். பெஞ்சில் வேளாண்மைப் புத்தகங்களைப் பரப்பி வையுங்கள், பொன்னாடைக்குப் பதில் ஒரு புத்தகம் கொடுங்கள்.

கவியரங்கத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. பதினொரு பேரும் சந்தோஷமாக இருந்திருப்பார்கள், இருக்கட்டும்.

ஏதாவது ஒரு முதல் ஞாயிறு எனக்கும் ஒதுக்குங்கள், பஸ் காசு கொடுத்தால் போதும். நேரத்தை மட்டும் அந்தப் பெரியவரிடம் கேட்டுவிட்டுக் குறியுங்கள். அவர் பேப்பரைப் படித்து முடித்து மடித்து வைத்தபின் ஆரம்பிக்கலாம்.

அன்புடன்.