கோர் எத்தனை? புரோகிராமுக்குள்ளிருந்து கேட்பது எப்படி?

கேள்வி: அண்ணா, என் லேப்டாப் சிப்பில் 4 கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதி). பைத்தானில் ஓஎஸ்.சிபியு_கவுண்ட் போட்டால் 8 என்கிறது. எது சரி?

பதில்: இரண்டும் சரிதான் தம்பி. ஹைப்பர் த்ரெடிங் இருந்தால் ஒரே கோர் ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் இரண்டு ஆளாகத் தலைகாட்டும். பைத்தான் எண்ணியது அந்தத் தலைகளை. நிஜ கோர் வேண்டுமா? பிஎஸ்யுடில் லைப்ரரியின் சிபியு_கவுண்ட்டில் 'லாஜிக்கல்' என்பதை ஃபால்ஸ் ஆக்கிக் கேளுங்கள்.

கேள்வி: எதற்கு இன்னொரு லைப்ரரி? வந்த எண்ணை 2ஆல் வகுத்துவிட்டால் ஆயிற்றே?

பதில்: அந்த வேலையே வேண்டாம். 2021இல் வந்த இன்டெல் ஐ9-12900கே சிப்பில் பெரிய கோர் 8, சிறிய கோர் 8. ஹைப்பர் த்ரெடிங் பெரியதற்கு மட்டும். ஆக 24 த்ரெட், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டம் பார்க்கும் தலைகள். வகுத்தால் 12, உள்ளே இருப்பதோ 16.

கேள்வி: சி++ஸில் வழி உண்டா சார்?

பதில்: சி++11 முதலே ஸ்டாண்டர்டு த்ரெட் கிளாஸில் ஹார்ட்வேர்_கன்கரன்சி இருக்கிறது. இதுவும் த்ரெட் கணக்குதான். கண்டுபிடிக்க முடியாவிட்டால் 0 தரும், அதற்கு ஒரு இஃப் போட்டுவையுங்கள்.

கேள்வி: புரோகிராமைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கரில் 2 சிபியு மட்டும் ஒதுக்கினேன். பைத்தான் 32 என்று எண்ணி 32 ப்ராசஸ் கிளப்புகிறது. வேகம் கூடாமல் இழுக்கிறதே?

பதில்: நானும் இதில் ஒரு ராத்திரி தூக்கத்தைத் தொலைத்தவன். டாக்கர் கோரைப் பிரித்துக் கொடுப்பதில்லை, நேரத்தை அளந்து கொடுக்கிறது. ஒவ்வொரு 100 மில்லிசெகண்டுக்கும் உங்களுக்கு 200 மில்லிசெகண்ட் சிபியு நேரம். 32 பேரும் ஒரே சமயத்தில் பாய்ந்தால் ஆறேகால் மில்லிசெகண்டில் பங்கு காலி; மீதி நேரமெல்லாம் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கர்னல் உட்கார்த்தி வைத்துவிடும். பைத்தான் 3.13இல் வந்த ப்ராசஸ்_சிபியு_கவுண்ட்டும் எந்தெந்த சிபியுவில் ஓட அனுமதி என்பதைத்தான் பார்க்கும், இந்த அளவை அறியாது. இந்த அளவை வைத்திருப்பது லினக்ஸின் சிகுரூப் வசதி. சிகுரூப் 2 உள்ள லினக்ஸ் என்றால் சிகுரூப் டைரக்டரியில் சிபியு.மேக்ஸ் ஃபைலைத் திறந்து பாருங்கள்: '200000 100000' என்றிருக்கும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் உங்கள் பங்கு. எண்ணுக்குப் பதில் 'மேக்ஸ்' என்றிருந்தால் வரம்பே இல்லை. ஜாவாக்காரர்களுக்கு இந்தத் தலைவலி ஜாவா 10லேயே தீர்ந்தது.

கேள்வி: எனக்கு வகுத்தால் 0.5 வருகிறது!

பதில்: மேலே ஏற்றி 1 ஆக்குங்கள். இன்ட் போட்டு வெட்டினால் 0 ஆகும். அந்த எண்ணிக்கையில் ப்ராசஸ்களைக் கிளப்பும் ப்ராசஸ் பூல் வேல்யூஎரர் அடித்து நின்றுவிடும்.