இளைய பிள்ளையும் பள்ளிக்குப் போன பிறகு

மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு,

வணக்கம். நான் மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பிறையில் வசிக்கிறேன். வேதியியலில் பட்டம் பெற்று, பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தேன். மூத்தவள் பிறந்ததும் வேலையை விட்டேன். இப்போது அவள் நான்காம் ஆண்டு படிக்கிறாள். இளையவனும் முதலாம் ஆண்டில் சேர்ந்துவிட்டான். இருவருக்கும் எழுத்தும் வாசிப்பும் நானேதான் சொல்லிக் கொடுத்தேன். அதில் கிடைத்த மனநிறைவு எனக்குத் தொழிற்சாலையில் ஒருநாளும் கிடைத்ததில்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வயது 37. “பாதி நாள் வேலை, பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு இருக்கலாம், ஓய்வூதியமும் உண்டு” என்று வீட்டில் ஊக்கப்படுத்துகிறார்கள். இத்தனை ஆண்டு வீட்டில் இருந்துவிட்டு இனிப் பயிற்சி, நேர்காணல் என்று போவது சரிப்பட்டு வருமா? பிள்ளை வளர்த்த அனுபவம் வகுப்பறையில் கைகொடுக்குமா?

ம., பிறை

அன்புள்ள ம. அவர்களுக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கான விடையைப் பொறுத்தே மற்றவை அமையும் என்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். பிள்ளை வளர்த்த அனுபவம் நிச்சயம் கைகொடுக்கும். ஏழு வயதுக் குழந்தை ஏன் முகம் வாடி உட்கார்ந்திருக்கிறது என்பதைக் கேட்காமலே ஊகிக்கவும், ஒரே சொல்லை அது பத்தாவது முறை தவறாக வாசிக்கும்போதும் குரலை உயர்த்தாமல் இருக்கவும் நீங்கள் பழகியிருப்பீர்கள். பயிற்சி முடித்து நேராக வரும் இளம் ஆசிரியர்கள் பலர் இதை வகுப்பில் பட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

ஆனால் உங்கள் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படித்த நாள்களில் அவர்கள் அருகில் நீங்கள் இருந்தீர்கள். உங்களிடம் வரப்போகும் பிள்ளைகளில் பலருக்கு அப்படி அருகில் உட்கார ஆள் இருக்காது. தாயும் தகப்பனும் மாறி மாறி ஷிப்டு வேலைக்குப் போகும் வீடுகள் பிறையிலும் பட்டர்வொர்த்திலும் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். வீட்டிலேயே கற்றுக்கொண்டு வரும் பிள்ளை எந்த ஆசிரியரிடமும் தேறிவிடும்; வீட்டில் சொல்லிக் கொடுக்க யாருமில்லாத பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் வேறு வழியில்லை. தொடக்கப்பள்ளி ஆசிரியர் முதன்மையாக அந்தப் பிள்ளைக்கு உரியவர் என்பது என் உறுதியான எண்ணம். உங்கள் மகனுக்குச் சொல்லிக் கொடுத்தபோது கிடைத்த நிறைவு, யாருடைய பிள்ளைக்கோ சொல்லிக் கொடுக்கும்போதும் கிடைக்குமா என்பதை நீங்கள் சோதித்துப் பார்த்தாக வேண்டும்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதைச் சற்றுக் கிட்டத்தில் காட்ட விரும்புகிறேன். நம் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுப் பிள்ளை தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று மொழிகளில், இரண்டு வகை எழுத்துகளில், ஏறத்தாழ ஒரே நேரத்தில் வாசிக்கத் தொடங்குகிறது. ‘செடி’ என்ற சொல்லில் கண்ணில் முதலில் படுவது கொம்பு. காதில் முதலில் விழுவது சகரம். இடமிருந்து வலமாகக் குறிக்குக் குறி கூட்டிப் படிக்கும் பிள்ளை அந்தக் கொம்பிலேயே நின்றுவிடும். உகரமோ கு, சு, பு, மு என்று எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும்.

இதற்கு அடுத்த பாடவேளை மலாய், அதற்கடுத்தது ஆங்கிலம் என்று வைத்துக்கொள்வோம். சி, ஏ, டி என்னும் மூன்று உரோமன் எழுத்துகளைச் சேர்த்தால் மலாயில் ‘சாட்’, அதாவது சாயம். ஆங்கிலத்தில் அதே மூன்றும் பூனை. ஆங்கில வகுப்பில் ஒரு பிள்ளை அதைச் ‘சாட்’ என்று வாசித்தால் அது மலாய்ப் பாடத்தில் கற்றதை ஒழுங்காக நினைவில் வைத்திருக்கிறது என்றுதான் பொருள். இதைப் புரிந்துகொண்ட ஆசிரியர் இரு மொழிச் சொற்களையும் பலகையில் அருகருகே எழுதி, ஐந்து நிமிடத்தில் குழப்பத்தைத் தீர்த்துவிடுவார். புரிந்துகொள்ளாதவர் “கவனமாகப் படி” என்பார். எதைக் கவனிப்பது என்று பிள்ளைக்குத் தெரியாது.

என் வகுப்பில் ஒரு சிறுவன் பாடநூலின் பக்கங்களைத் தங்குதடையின்றி வாசிப்பான். அருகில் போய் நின்றபோதுதான் அவனுடைய விரல் வேறொரு வரியில் இருந்ததைக் கண்டேன். அக்காள் வீட்டில் படித்ததைக் கேட்டுக் கேட்டு முழுப் பாடத்தையும் மனப்பாடம் செய்திருந்தான். எழுத்துகளில் பாதி அவனுக்குத் தெரியாது. பாடத்தின் சொற்களைத் தனித்தனி அட்டைகளில் எழுதி, வரிசை மாற்றிக் கொடுத்து, முதலிலிருந்து தொடங்கினோம். வாசிக்கத் தெரியாததை மறைக்க அவன் எடுத்துக்கொண்ட சிரமத்தை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இப்படிப்பட்டவனைக் கண்டுபிடிப்பது தற்செயலாக நடக்கக் கூடாது. அதற்கு முறையான பயிற்சியும் அன்றாடப் பழக்கமும் வேண்டும். தரக் கட்டுப்பாட்டில் நீங்கள் ஒரு குறையைக் கண்டால் அது எந்தக் கட்டத்தில் நேர்ந்தது என்று பின்னோக்கித் தேடிப் போயிருப்பீர்கள் அல்லவா? ஒரு பிள்ளையின் பிழையையும் அப்படித்தான் பின்தொடர வேண்டும்.

2021-இல் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கான யு.பி.எஸ்.ஆர். அரசுத் தேர்வு அகற்றப்பட்ட பின், வகுப்புசார் மதிப்பீட்டின் பொறுப்பு இன்னும் கூடியிருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையும் ஆறு அடைவுநிலைகளில் எதில் இருக்கிறது என்று ஆசிரியரே பார்த்துப் பதிய வேண்டும். இந்த மாற்றத்தை நான் மனமார வரவேற்கிறேன். அதே சமயம், படிவத்தை நிரப்புவதற்காக மட்டும் எண்ணைப் போட்டுவிட்டால், வாசிக்கத் தெரியாத பிள்ளை நான்காம் ஆண்டுவரை யார் கண்ணிலும் படாமல் போய்விடும் என்ற கவலையும் எனக்குண்டு.

ஆகவே பயிற்சியைத் தட்டிக்கழிக்கும் குறுக்குவழி எதையும் தேடாதீர்கள். ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்ட கூட்டு மலாய் மாநிலங்களில் 1912-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. எழுத்தறிந்த கங்காணியும் (தொழிலாளர் மேற்பார்வையாளர்) கிராணியுமே (எழுத்தர்) பல தோட்டங்களில் வாத்தியார் ஆனார்கள். அவர்களில் அருமையானவர்கள் இருந்தார்கள்; அவர்கள் இல்லாவிட்டால் நம் பாட்டன்மார் கையெழுத்துக்கூடப் போட்டிருக்க மாட்டார்கள். இருந்தும், எழுத்துத் தெரிந்தவர் எவரும் எழுத்துச் சொல்லித் தரலாம் என்ற எண்ணத்திற்குத் தோட்டப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக விலை கொடுத்தார்கள்.

இனி வழிகளைப் பற்றி. ஆசிரியர் பயிற்சிக் கழகங்களின் இளங்கலைப் பட்டப் பயிற்சி இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த இளையோருக்கானது, அது உங்களுக்குப் பொருந்தாது. கல்வியல்லாத துறையில் பட்டம் பெற்றவர்களுக்கு முதுநிலைக் கல்வி டிப்ளோமா இருக்கிறது. ஆனால் அது எப்போதும் எல்லாப் பாடங்களுக்கும் திறந்திருப்பதில்லை. அறிவிப்பு வரும்போது வயது வரம்பையும் பாடப்பிரிவையும் பார்த்த பிறகே மற்றதை யோசியுங்கள். 2021-இல் ஆசிரியர் பற்றாக்குறையை ஈடுகட்ட 18,000-க்கும் மேற்பட்டோரைச் சேர்க்கும் சிறப்பு ஆள்சேர்ப்பு அறிவிக்கப்பட்டபோது, கல்விப் பட்டம் இல்லாதவர்களுக்கும் கதவு திறந்தது. அப்படிப்பட்ட வாய்ப்பு சொல்லிக்கொண்டு வராது. உங்கள் எஸ்.பி.எம். சான்றிதழில் மலாய்மொழிக்கும் தமிழ்மொழிக்கும் என்ன தேர்ச்சி இருக்கிறது என்பதை இன்றே எடுத்துப் பாருங்கள்.

வீட்டில் சொல்லும் காரணங்களுக்கு வருகிறேன். 2024 பிப்ரவரி முதல் அரசுப் பணியில் புதிதாக நியமனம் பெறுவோர் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் சேர்வதில்லை, ஊழியர் சேமநிதிதான். பாதி நாள் வேலை என்பதும் வெளியிலிருந்து பார்ப்பவர்களின் கணக்கு. மணியடித்துப் பிள்ளைகள் போன பிறகு புறப்பாடம், கூட்டம், நோட்டுத் திருத்தம், மறுநாள் பாடத்திட்டம் என்று மாலை வந்துவிடும். உங்கள் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைப் பார்க்கும் நேரத்தில் ஊரார் பிள்ளைகளின் நோட்டுகள் உங்கள் மேசையில் குவிந்திருக்கும். இதைத் தெரிந்துகொண்டுதான் வர வேண்டும்.

பணியிடம் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. நான் சொல்லியாக வேண்டும். தமிழ்ப்பள்ளிகள் தீபகற்பத்தில் மட்டுமே இருப்பதால், தமிழ்ப்பள்ளிக்கென்று நியமனமாகும் ஆசிரியருக்குச் சபா, சரவாக் என்ற கவலை இல்லை. ஆனால் பெர்லிஸ் முதல் ஜொகூர் வரை எங்கும் அனுப்பலாம். 150 மாணவர்களுக்கும் குறைவான சிறிய பள்ளிகள் நம்மிடம் நிறைய. அவற்றுள் பல இன்றும் தோட்டத்துக்குள் இருப்பவை. அங்கே ஒரே ஆசிரியர் பல பாடங்களைச் சுமக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு பிள்ளையின் வாசிப்பையும் நாள்தோறும் காதால் கேட்கும் வாய்ப்பு அங்கேதான் அதிகம். அறிவியலைத் தமிழில் நம்பிக்கையோடு நடத்தக்கூடிய ஒருவர் அத்தகைய பள்ளிக்குக் கிடைத்தால் அது அவர்களுக்குப் பெரிய உதவி.

வயதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. கட்டாய ஓய்வு வயது 60 என்கிறபோது, பயிற்சிக் காலம் போக உங்களுக்கு இருபது ஆண்டுகள் இருக்கின்றன. பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் முன், மகப்பேறு விடுப்பில் போகும் ஆசிரியைக்குப் பதிலாகத் தற்காலிக ஆசிரியர் தேவைப்படுகிறதா என்று அருகிலுள்ள பள்ளிகளின் தலைமையாசிரியர்களிடமும் மாவட்டக் கல்வி இலாகாவிலும் விசாரியுங்கள். கிடைத்தால், இயன்றவரை முதலாம் அல்லது இரண்டாம் ஆண்டு வகுப்பைக் கேளுங்கள். ஏறத்தாழ மூன்று மாதம் வாசிக்கத் தடுமாறும் இரண்டு மூன்று பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து, யார் எந்த எழுத்தில் நிற்கிறார் என்று குறித்து வையுங்கள். மூன்றாம் மாதமும் அந்தக் குறிப்பேட்டைத் திறக்க உங்களுக்கு ஆர்வம் இருந்தால் தயங்காமல் விண்ணப்பியுங்கள்.

உங்கள் மகன் படிக்கும் பள்ளியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அவன் உங்களை வகுப்பு வாசலில் தேடுவான்; நீங்கள் அவனையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நேர்காணல் கடிதம் வரும்வரை காத்திராமல், ஜொகூரில் பணி கிடைத்தால் யார் எங்கே இருப்பது என்பதையும் இப்போதே உங்கள் கணவரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிடுங்கள்.