வாத்துக்குஞ்சு வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கினால் என்ன செய்வது?

சிங்கப்பூரில் தரைவீட்டில் (அடுக்குமாடி அல்லாத வீட்டில்) வளர்க்கும் 5 நாள் குஞ்சு வாயைப் பிளந்து மூச்சு வாங்குகிறது என்கிறீர்கள். முதலில் குஞ்சுக்குச் சூடு தரும் பல்பைப் பாருங்கள். முதல் வாரத்துக்கு 32 டிகிரி போதும். நம் ஊர் மதியமே அதைத் தொட்டுவிடும், அப்புறம் பகலில் பல்பு எதற்கு? வெறும் சூடுதான் என்றால் நிழலில் வைத்ததும் சிறிது நேரத்தில் அடங்கும்.

அடங்காமல், ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடினால் விஷயம் நெஞ்சுக்குள் இருக்கிறது. படுக்கையை முகர்ந்து பாருங்கள். சிங்கப்பூர் ஈரத்தில் வைக்கோல் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சைத் தூள் நுரையீரலில் இறங்கினால் ஆன்டிபயாடிக் கேட்காது. வைக்கோலை உடனே அள்ளிப் போட்டுவிட்டுப் பழைய துண்டை விரியுங்கள். மூக்குத்துளையில் தீவனம் காய்ந்து ஒட்டியிருந்தால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால், சூடு ஆறியதும், துடையுங்கள். வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்; எல்லா கிளினிக்கிலும் வாத்து பார்ப்பதில்லை, போன் செய்துவிட்டுப் போங்கள்.