சர்வே பதில்கள் கைக்கு வந்தாச்சு, எந்த டெஸ்ட் போடுவது?

கேள்வி: எங்கள் செயலியைப் பற்றி வாடிக்கையாளர்களிடம் ஆன்லைன் சர்வே எடுத்தோம். 460 பேர் பதில் தந்திருக்கிறார்கள். 'முற்றிலும் மறுக்கிறேன்' முதல் 'முற்றிலும் ஏற்கிறேன்' வரை ஐந்து நிலைகளில் 12 கேள்விகள். 'சந்தாவைப் புதுப்பிப்பீர்களா?' என்று ஆம்/இல்லை கேள்வி ஒன்று. வயது, பாலினம், வருமானம் என்று 5 விவரங்கள். சில கட்டங்கள் காலியாக இருக்கின்றன. இளையவர்களும் மூத்தவர்களும் வேறுபடுகிறார்களா என்று மேலாளர் கேட்கிறார். ஒருவர் டி-டெஸ்ட் போடச் சொல்கிறார், இன்னொருவர் கைஸ்கொயர் என்கிறார். எது சரி? எஸ்பிஎஸ்எஸ் (கட்டணப் புள்ளியியல் மென்பொருள்) இல்லாமல் முடியுமா?

பதில்: இருவர் சொன்னதும் சரிதான், ஆனால் வேறு வேறு கேள்விகளுக்கு: டி-டெஸ்ட் இரு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும், கைஸ்கொயர் வகைவாரியான எண்ணிக்கைகளை ஒப்பிடும். அதைப் பிரித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். உங்கள் நேரத்தில் பெரும்பங்கு அதற்கு முந்தைய வேலைக்கே போக வேண்டும். கோப்பில் தவறான எண்கள் இருந்தாலும் மென்பொருள் எந்தப் புகாரும் இல்லாமல் ஒரு பி-மதிப்பைத் (உண்மையில் வித்தியாசமே இல்லை என்றால் இவ்வளவு பெரிய வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) தந்துவிடும்.

வந்த கோப்பை அப்படியே ஓரிடத்தில் பூட்டி வைத்துவிட்டு, பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள். அப்புறம் ஒரு குறியீட்டுப் பட்டியல் தயாரியுங்கள்: ஒவ்வொரு பத்திக்கும் (அட்டவணையின் நெடுவரிசைக்கும்) கேள்வியின் முழு வாசகம், 1 என்றால் என்ன, 5 என்றால் என்ன, 'தெரியாது' எந்த எண்ணாகப் பதிவாகியிருக்கிறது, காலி என்றால் என்ன அர்த்தம். சலிப்பான வேலைதான். ஆனால் பெரும்பாலான பிழைகள் இங்கேதான் மாட்டும்.

'தெரியாது' என்பதையே எடுத்துக்கொள்வோம். ஒரு கேள்விக்கு 440 பேர் 1 முதல் 5 வரை பதில் தந்து, அவர்களின் சராசரி 3.60 என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 20 பேர் 'தெரியாது' என்கிறார்கள். அது 99 என்று பதிவாகியிருந்தால் மொத்தச் சராசரி 7.75 ஆகும். ஐந்து நிலை அளவுகோலில் 7.75 வந்தால் யாருக்கும் சந்தேகம் வரும், ஆகவே ஆபத்தில்லை. படிவத்தில் அது ஆறாவது தேர்வாக இருந்து 6 என்று பதிவாகியிருந்தால்? சராசரி 3.70. அந்த 20 இடங்களும் காலியாக இருந்து, யாரோ 0 என்று நிரப்பியிருந்தால் 3.44. இரண்டும் நல்ல பிள்ளைபோல் உட்கார்ந்திருக்கும். அதனால் எந்தச் சராசரியையும் எடுக்கும் முன் ஒவ்வொரு பத்திக்கும் அலைவெண் அட்டவணை போட்டு, எந்தெந்த மதிப்பு எத்தனை முறை வந்திருக்கிறது என்று கண்ணால் பாருங்கள்.

அடுத்தது, கேள்வியைப் படிக்காமலே பதில் சொன்னவர்கள். எல்லோரும் எடுத்துக்கொண்ட நேரத்தின் இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) ஆறு நிமிடம் என்றால், ஒன்றரை நிமிடத்தில் முடித்தவர் படித்திருக்க வாய்ப்பில்லை. இடைநிலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் முடித்தவர்களை நீக்குவது பலரும் பின்பற்றும் வழக்கம். பன்னிரண்டு கேள்விகளுக்கும் வரிசையாக 4 போட்டவர்களையும் பாருங்கள். ஆனால் இவர்களை உடனே தூக்கிவிடாதீர்கள். உண்மையிலேயே எல்லாவற்றிலும் திருப்தியுள்ளவர் அப்படித்தான் போடுவார். அந்தப் பன்னிரண்டில் எதிர்மறையாகக் கேட்ட கேள்வி ஒன்று இருந்து ('இந்தச் செயலி அடிக்கடி சிக்குகிறது'), அதற்கும் 4 போட்டிருந்தால்தான் பலத்த சந்தேகம். நீக்கும் விதியை முடிவுகளைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். பார்த்த பிறகு வைத்தால், நமக்குப் பிடிக்காத பதில் தந்தவர்கள்தான் முதலில் வெளியே போவார்கள்.

எதிர்மறைக் கேள்விகளைத் திருப்பிப் போடவும் மறக்காதீர்கள். ஐந்து நிலை என்றால் 6-லிருந்து பதிலைக் கழித்தால் போதும்: 5 ஒன்றாகும், 2 நான்காகும். பல கேள்விகளைச் சேர்த்து 'திருப்தி மதிப்பெண்' என்று ஒன்றை உருவாக்கப்போகிறீர்கள் என்றால், அவை உண்மையிலேயே ஒன்றாகப் போகின்றனவா என்று பார்க்க க்ரான்பாக் ஆல்ஃபா உதவும். 1951-இல் வந்த அளவு. 0.7-க்கு மேல் என்றால் ஏற்கலாம் என்பது நடைமுறை விதி. ஆல்ஃபா மிகக் குறைவாகவோ எதிர்ம எண்ணாகவோ வந்தால், திருப்பிப் போட வேண்டிய கேள்வி ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

காலிக் கட்டங்கள் எல்லாம் ஒரே ரகம் இல்லை. அந்தக் கேள்வி அவருக்குக் கேட்கப்படவே இல்லை என்றால் அது விடுபட்ட பதில் ஆகாது, அந்தக் கேள்விக்கான மொத்தத்திலிருந்தே அவரை விலக்க வேண்டும். கேட்டும் சொல்லாமல் விட்டவர்கள்தான் பிரச்சினை, அதிலும் வருமானக் கேள்வியில். வருமானம் சொன்னவர்களின் திருப்தியையும் சொல்லாதவர்களின் திருப்தியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் அந்த வெற்றிடம் தற்செயல் இல்லை, சொல்லாதவர்களை நீக்கினால் முடிவு ஒரு பக்கம் சாயும். காலியை எல்லாம் சராசரியால் நிரப்பச் சொல்லும் அறிவுரை பரவலாக உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எல்லோரையும் நடுவுக்கு இழுத்துத் திட்ட விலக்கத்தை (பதில்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவை) செயற்கையாகக் குறைத்துவிடும், இல்லாத துல்லியம் இருப்பதுபோல் தோன்றும். ஒரு பத்தியில் விடுபட்டவை சில சதவீதம்தான் என்றால், காலியாகவே விட்டு, இருப்பவர்களை வைத்துக் கணக்கிட்டு, எத்தனை பேர் என்பதை அட்டவணையின் கீழே குறிப்பிட்டால் போதும்.

உங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் பெண்கள், பதில் தந்தவர்களில் 30% மட்டுமே பெண்கள் என்றால் எடையிடலாம், அதாவது குறைவாக வந்தவர்களின் பதிலைக் கூடுதலாகவும் அதிகமாக வந்தவர்களின் பதிலைக் குறைவாகவும் கணக்கிடலாம். ஒவ்வொரு பெண்ணுக்கும் 50÷30, அதாவது 1.67; ஆணுக்கு 50÷70, அதாவது 0.71. இது இலவசமாகக் கிடைப்பதில்லை. இந்த எடைகளோடு 400 பேரின் பதில் ஏறத்தாழ 336 பேரின் பதில் அளவுக்கே துல்லியம் தரும். அதைவிட முக்கியம், நமக்குத் தெரிந்த சாய்வை மட்டுமே எடையால் சரிசெய்ய முடியும். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் சுமார் 1 கோடி பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தும், ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லேண்டன் வெல்வார் என்று கணித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். தொலைபேசி, கார் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்து பெரிதும் ஆட்களை எடுத்ததும், பதில் அனுப்ப மெனக்கெட்டவர்கள் வேறு ரகமாக இருந்ததும் அதைக் கவிழ்த்தன. உங்கள் இணைப்பைத் தட்டிய 460 பேரும் தாமாக முன்வந்தவர்கள்தான் என்பதை அறிக்கையில் ஒரு வரியாவது எழுதுங்கள்.

சரி, இப்போது டெஸ்ட். சுத்தம் செய்தபின் 400 பேர் மிஞ்சுகிறார்கள், 30 வயதுக்குக் கீழே 200, மேலே 200 என்று வைப்போம். சந்தாவைப் புதுப்பிப்போம் என்று இளையவர்களில் 120 பேரும் மூத்தவர்களில் 96 பேரும் சொல்கிறார்கள், 60%, 48%. இரண்டு பக்கமும் வகைகள் (வயதுக் குழு, ஆம்/இல்லை), ஆகவே கைஸ்கொயர். வயதுக்கும் பதிலுக்கும் சம்பந்தமே இல்லை என்றால் ஒவ்வொரு குழுவிலும் 108 'ஆம்', 92 'இல்லை' எதிர்பார்க்கலாம். நான்கு கட்டங்களிலும் வித்தியாசம் 12. வர்க்கப்படுத்தி எதிர்பார்ப்பால் வகுத்துக் கூட்டினால் சுமார் 5.8. இப்படி இரண்டுக்கு இரண்டு அட்டவணைக்கு வரையறாப் படி (சுதந்திரமாக மாறக்கூடிய கட்டங்களின் எண்ணிக்கை) ஒன்று; அதற்கு 5% அளவிலான எல்லை 3.84. தாண்டிவிட்டது, எனவே இதைத் தற்செயல் என்று ஒதுக்குவது கடினம். எதிர்பார்ப்பு எண் 5-க்குக் கீழே போகும் கட்டங்கள் இருந்தால் வகைகளை இணையுங்கள், அல்லது சிறிய எண்ணிக்கைகளுக்கு ஏற்ற ஃபிஷரின் துல்லியச் சோதனைக்குப் போங்கள்.

பலர் இந்த இடத்தில் 'எல்லையைத் தாண்டியது' என்பதற்கு ஒரு நட்சத்திரக்குறி போட்டு நிறுத்திவிடுகிறார்கள். மேலாளருக்குத் தேவை அதற்கு அடுத்த வரி. வித்தியாசம் 12 புள்ளி, அதன் 95% நம்பிக்கை இடைவெளி (உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய எல்லைகள்) ஏறத்தாழ 2 முதல் 22 வரை. 22 என்றால் இளையவர்களுக்கென்று தனி விளம்பரமே எடுக்கலாம். 2 என்றால் அந்தப் பணம் வீண். இரண்டும் இந்தத் தரவோடு ஒத்துப்போகின்றன. பி-மதிப்பு 0.016 என்று மட்டும் சொன்னால் இந்த நிச்சயமின்மை மறைந்துவிடும்.

பல கேள்விகளைச் சேர்த்து உருவாக்கிய திருப்தி மதிப்பெண்ணை இரு குழுக்களிடையே ஒப்பிட டி-டெஸ்ட். மூன்றோ அதற்கு மேலோ குழுக்களின் சராசரிகளை ஒப்பிட அனோவா என்ற சோதனை. தனியான ஒரே ஒரு ஐந்துநிலைக் கேள்விக்குச் சராசரி எடுக்கலாமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. என் பழக்கம்: தனிக் கேள்வி என்றால் 4, 5 சொன்னவர்களின் சதவீதத்தைக் காட்டுவேன், சோதனை வேண்டுமென்றால் மான்-விட்னி (சராசரிக்குப் பதில் பதில்களின் தரவரிசையை ஒப்பிடும் சோதனை). எல்லோரும் 3 போட்டாலும் சராசரி 3, பாதிப்பேர் 1, பாதிப்பேர் 5 போட்டாலும் சராசரி 3. விற்பனைப் பிரிவுக்கு இவை இரண்டும் வேறு வேறு உலகங்கள். இன்னொன்று: ஒரே ஆள் இரண்டு பிராண்டுகளுக்கு மதிப்பெண் தந்திருந்தால் அவை தனித்தனிக் குழுக்கள் ஆகாது, இணை டி-டெஸ்ட்தான் சரி.

12 கேள்விகளை 5 விவரங்களோடு குறுக்கே வைத்தால் 60 அட்டவணைகள். எங்குமே உண்மையான வித்தியாசம் இல்லாவிட்டாலும், 5% அளவில் சராசரியாக மூன்று அட்டவணைகள் 'முக்கியம்' என்று கொடி காட்டும். மேலாளர் கேட்டது வயதைப் பற்றி. அதற்கான ஒப்பீடுகளை முன்கூட்டியே குறித்துக்கொண்டு அவற்றை மட்டும் முடிவாகச் சொல்லுங்கள். மற்ற அட்டவணைகளில் தட்டுப்படுவதை அடுத்த சர்வேயில் சோதிக்க வேண்டியவை என்று தனியாக எழுதுங்கள்.

எஸ்பிஎஸ்எஸ் தேவையில்லை. மேலே சொன்னதில் பெரும்பாலானவற்றை எக்செல்லிலேயே முடிக்கலாம். மான்-விட்னிக்கும் எடையிட்ட சோதனைகளுக்கும் ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழி வசதி, இலவசமும்கூட.

அறிக்கை எழுதும்போது ஒவ்வொரு சதவீதத்துக்குப் பக்கத்திலும் அது எத்தனை பேரில் என்று போடுங்கள். சமவாய்ப்பு மாதிரியாக (எல்லோருக்கும் சம வாய்ப்புத் தந்து குலுக்கலில் எடுத்ததாக) இருந்தாலே 400 பேருக்குப் பிழை வரம்பு ±4.9 புள்ளி, 100 பேருக்கு ±9.8. முப்பது பேருக்கும் குறைவான உட்குழு என்றால் சதவீதமே வேண்டாம், '22 பேரில் 13 பேர்' என்று எழுதிவிடுங்கள்.